கண்ணைக் கட்டினால் மூளை விழிக்குமா? உளவியல் படிப்பு பற்றிய கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து நம் வாசிப்பு வட்டத்தில் உளவியல் படிப்பைப் பற்றித்தான் பேச்சு. பாளையங்கோட்டையில் இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கற்றல், நடத்தை, மூளையின் உயிரியல் ஆகிய மூன்றும்தான் என் எல்லை. ஜாதகமும் குடும்பச் சண்டையும் இங்கே வேண்டாம்.

அம்பாசமுத்திரம், மாணவி: மேடம், பி.எஸ்சி. உளவியல்ல மூளையப் பத்தி நெசமாவே சொல்லித் தருவாங்களா? இல்ல மனசு, கனவுன்னே போயிருமா? நான் பயாலஜி குரூப்.

நிச்சயமாகச் சொல்லித் தருவார்கள் அம்மா. தாளின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனால் நரம்பு செல், அது இன்னொரு செல்லோடு பேசும் இடமான சினாப்ஸ், நினைவு எங்கே தங்குகிறது என்பதெல்லாம் கட்டாயம் வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டலின் கடல் நத்தை. ஏப்ளீசியா என்று பெயர். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். இந்த நத்தைக்கு ஏறத்தாழ 20,000தான். அதன் நீர்க்குழாயைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆபத்தில்லாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துவிடும். வாலில் ஒரு முறை ஷாக் கொடுத்துவிட்டுத் தொட்டால் முன்னைவிட பலமாக இழுக்கும். கேண்டல் அந்தச் செல்களையே பிடித்து அளந்து பார்த்தார். பழகும்போது சினாப்ஸ் பலவீனமாகிறது, பயந்தபின் பலமாகிறது. கற்றல் என்பது செல்லுக்குள் நடக்கும் மாற்றம் என்று கண்ணுக்குத் தெரியக் காட்டிய வேலை அது. 2000இல் நோபல் பரிசு வந்தது.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புள்ளியியல் இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்கள்தான் இரண்டாம் வருடம் அழுகிறார்கள்.

மேலப்பாளையம்: சைக்காலஜி படிச்சா எதிர்ல இருக்கவங்க மனசுல நினைக்கத கண்டுபிடிக்கலாமா?

முடியாது.

வள்ளியூர், மாணவன்: நாலு தடவ வாசிச்சாலும் பரீட்சைல மறந்துருது மேடம். மூளைல ஏதும் கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, வாசிக்கும் முறையில்தான் பிசகு. 1885இலேயே எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறப்பதைத் தன்னிடமே அளந்தார். நினைவு முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகக் குறைகிறது. எல்லா மூளைக்கும் இதுதான் வழக்கம்.

அடுத்து 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையைக் கேள். ஒரு குழு பாடத்தை நாலு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு முறை வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் வாசித்த குழுதான். நீ ஏமாறுவதும் அந்த இடத்தில்தான். திரும்ப வாசிக்கும்போது வரி பழகிப்போகிறது, பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறாய்.

புத்தகத்தை மூடு. சொல்லிப் பார். மறுநாள் ஒரு முறை, நாலு நாள் கழித்து ஒரு முறை. திக்குகிற இடத்தில் மட்டும் திற.

கடையநல்லூர்: தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் சேரலாமா?

கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் உளவியலில் ஆள் சேர்ப்பதை யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இன்றும் யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

நாங்குநேரி, கல்லூரி மாணவி: எங்க கல்லூரில ஆய்வகம் இல்ல. விலங்கு நடத்தைல ப்ராஜெக்ட் செய்யணும். எலியும் கிடையாது, காசும் கிடையாது.

உன் ஊருக்குப் பக்கத்திலேயே கூந்தன்குளம் இருக்கும்போது எலி எதற்கு? மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அங்கே வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டுகின்றன. பறவைக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மனிதர் நடமாட்டத்துக்குப் பறவை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை அளக்கலாம். ஒரே வேகத்தில் நடந்து போ, எத்தனை அடி தூரத்தில் பறவை எழும்பிப் பறக்கிறது என்று குறித்துக்கொள். ஊருக்குள் ஐம்பது முறை, ஆள் போகாத வயல் பக்கம் ஐம்பது முறை. நத்தையின் செவுளில் கேண்டல் பார்த்த அதே பழகுதலைத்தான் நீயும் பார்க்கப் போகிறாய்.

ஆனால் கூட்டில் இருக்கும் பறவையை எழுப்பாதே. குஞ்சு வெயிலில் வெந்துவிடும். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி முதலில். அது கிடைக்கும் வரை உங்கள் தெருக் காக்கையிடம் அளந்து பழகு.

சங்கரன்கோவில், ஒரு தகப்பனார்: எம் மகளுக்கு ஒம்பது வயசு. மிட்பிரைன் ஆக்டிவேஷன் வகுப்புல 18 ஆயிரம் கெட்டிச் சேத்தேன். இப்ப கண்ணக் கட்டிட்டு நிறம் சொல்லுதா, பேப்பர் வாசிக்கா. இதப் பத்தி உங்க படிப்புல உண்டுமா?

இல்லை அண்ணாச்சி. மிட்பிரைன் என்றால் நடுமூளை, அதை எழுப்புகிறோம் என்பதுதான் அவர்கள் சொல்வது. நடுமூளை சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதும், கண் அசைவதும், சத்தம் கேட்ட பக்கம் தலை திரும்புவதும் அதன் வேலை. அங்கே டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும் செல்கள் அழிந்தால் பார்க்கின்சன் நோய் வரும். நடுமூளை பலமாகச் சேதமானால் ஆள் நினைவில்லாமல் கிடப்பார். உங்கள் மகள் ஓடியாடுகிறாள் என்றால் அவள் நடுமூளை பிறந்த நாள் முதல் விழித்தே இருக்கிறது.

கட்டுத் துணி மூக்கின் இரு பக்கமும் முழுக்கப் படியாது. அந்த இடைவெளி வழியே கீழே பார்க்கலாம். பேப்பரை எங்கே பிடித்து வாசிக்கிறாள் என்று கவனியுங்கள்.

தென்காசி: மேடம், அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லாதீய. எங்க அக்கா மவனுக்கு அந்த வகுப்புக்கு அப்புறம் மார்க்கு ஏறிச்சு.

அந்த மாதம் வீட்டில் எல்லாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். வகுப்புக்குப் போகாமல் அதே கவனிப்பு கிடைத்த பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? யார் அளந்தது, எப்படி அளந்தது என்று கேட்காமல் மூளையைப் பற்றி எதையும் நம்பாதீர்கள்.

சங்கரன்கோவில்: எங் கண்ணால பாத்தேன் மேடம். பிள்ள பொய் சொல்ல மாட்டா.

பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. நம் பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. கண் இல்லாமல் வாசிக்க வழி இருந்திருந்தால், அதை முதலில் கொண்டுபோயிருக்க வேண்டிய இடம் அதுவல்லவா? அங்குள்ள பிள்ளைகள் விரல் நுனியால் பிரெய்ல் வாசிக்கிறார்கள். சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் வாசிக்கும்போது, மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கென்று இருக்கும் பகுதியே வேலை செய்கிறது என்று 1996இல் ஆய்வு வந்தது. மூளை தன்னை மாற்றிக்கொள்வது உண்மை. அதற்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி இருக்கிறது, இரண்டு நாள் வகுப்பு இல்லை.

என்னையும் நம்ப வேண்டாம், வீட்டில் சோதியுங்கள். அட்டைகளில் தமிழ் எழுத்துகளை எழுதிக் கலையுங்கள். இரண்டே நிறம் வைத்தால் குருட்டாம்போக்கிலேயே பாதி சரியாகிவிடும், அதனால்தான் எழுத்து. அட்டையை நீங்களும் பார்க்காமல், அவள் நெற்றிக்கு மேலே பிடியுங்கள்.

களக்காடு: தபால்ல சைக்காலஜி படிக்கலாமா?

கடையநல்லூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பேட்டை, ஒரு தாய்: மகனுக்கு வலிப்பு வருது. கைல இரும்புச் சாவி குடுக்கோம்.

சாவி வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐக் கூப்பிடுங்கள். நாளைக்கே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். இது டாக்டர் பார்க்க வேண்டியது அம்மா.

பாவூர்சத்திரம்: மூளை ஆராய்ச்சிக்கு எங்கே போகலாம்? தொலைதூரத்தில் உண்டா?

தொலைதூரம் கிடையாது, இதோடு மூன்று முறை சொல்லியாயிற்று. அறிவியல் பிரிவு என்றால் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். திருவனந்தபுரம் ஐசர் நமக்குப் பக்கம். முதுகலைக்குக் காந்திநகர் ஐ.ஐ.டி.யில் அறிதிறன் அறிவியல் உண்டு. முனைவர் பட்டத்துக்கு பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனமும் (ஐ.ஐ.எஸ்சி.), மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸும், ஹரியானாவில் மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன.

சங்கரன்கோவில்: மேடம், நேத்து ராத்திரி செஞ்சேன். பன்னெண்டு அட்டை. ஒண்ணு கூடச் சொல்லல. பிள்ள அழுதுட்டா. எனக்கு ஆத்திரமா வருது.

அவளிடம் ஆத்திரப்படாதீர்கள் அண்ணாச்சி. இடைவெளியில் ஏதோ தெரிந்தது, சொன்னாள், எல்லாரும் கைதட்டினார்கள். தெரியவில்லை என்றபோது முகம் சுளித்திருப்பார்கள். ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் பெட்டியில் எலி லீவரை அழுத்தக் கற்றது இப்படித்தான். செய்ததற்குப் பலன் கிடைத்தால் அது வளரும். அவள் ஏமாற்றக் கிளம்பியவள் இல்லை, பெரியவர்களுக்கு எது பிடித்ததோ அதைக் கற்றுக்கொண்ட ஒன்பது வயதுப் பிள்ளை. இதை அவளிடமே சொல்லுங்கள்.

ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அது பகலில் செய்கிற வேலை. இன்று ராத்திரி கண்ணைத் திறந்து ஒரு கதை வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவள் தானாக நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிற இடத்தில் கைதட்டுங்கள்.