கண்ணில் பட்ட ஒழுங்கு படத்தில் எங்கே போனது?

கேள்வி: சூரியகாந்திப் பூ, தேன்கூடு, பின்னப்பட்ட கூடை என்று எதைப் பார்த்தாலும் அதில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் என்னைக் கவர்கின்றன. ஆனால் செல்பேசியில் படம் எடுத்துப் பார்த்தால் வெறும் பூவும் கூடையும்தான் தெரிகின்றன. நான் கண்ட ஒழுங்கைப் படத்தில் கொண்டுவருவது எப்படி?

பதில்: கூடையின் விளிம்பும் கைப்பிடியும் அது இருக்கும் தரையும் படத்துக்குள் வந்துவிட்டால், பார்ப்பவர் மனம் ‘கூடை’ என்று பெயர் சூட்டிவிட்டு அதோடு நின்றுவிடும். ஆகவே பின்னல் நான்கு பக்கமும் படத்தின் ஓரத்தைத் தாண்டி ஓடும்படி நெருங்கிச் சென்று எடுங்கள். 1885 முதல் பனிப் படிகங்களை 5,000-க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்த வில்சன் பென்ட்லி, நெகட்டிவில், அதாவது படம் முதலில் பதிவாகும் தகட்டில், படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துப் பின்னணியை முழுக் கறுப்பாக்கினார். வடிவத்துக்குப் போட்டியாக எதுவும் இருக்கக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம்.

நெருங்குவதற்கு முன், எது திரும்ப வருகிறது, எந்த விதிப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியகாந்தியில் ஒவ்வொரு புதிய மொட்டும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை விலகி உருவாவதால், இரு திசைகளிலும் சுருள்கள் எழுகின்றன. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு திசையில் 34, எதிர்த்திசையில் 55 போன்ற எண்ணிக்கை கிடைக்கும். இதை அறிந்தவர் முழுப் பூவையும் எடுக்கத் தேவையில்லை. நடுப்புள்ளியைப் படத்தின் ஒரு மூலைக்குத் தள்ளினாலே சுருள்கள் குறுக்காக விரிந்து படத்தை நிரப்பும். வெடித்த சேற்றுநிலமும் அப்படித்தான். முதல்முறை காயும்போது பிறக்கும் வெடிப்பு, பழைய வெடிப்பைச் செங்கோணத்தில் சந்திக்கும். பலமுறை நனைந்து காய்ந்த நிலத்திலோ மூன்று வெடிப்புகள் ஏறக்குறைய 120 பாகையில் கூடும். இந்தச் சந்திப்புகளைக் கூர்மையாகக் காட்டும் படம், வெடிப்புகளை மொத்தமாகக் காட்டும் படத்தைவிட எனக்குப் பிடிக்கும்.

மேடுபள்ளத்தால் ஆன வடிவம் நிழலால்தான் தெரியும் என்பதால், ஃபிளாஷையும் உச்சிவெயிலையும் தவிர்த்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எடுங்கள். தட்டையான பரப்பானால் செல்பேசியை அதற்கு இணையாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கட்டங்கள் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுக்கும்.

ஒழுங்கு குலையும் இடத்தைத் தேடச் சொல்வது இத்துறையில் வழக்கமான அறிவுரை. கூடையில் புதிய பட்டை சேர்க்கப்பட்ட இடமோ தேன்கூட்டில் திறந்து கிடக்கும் ஓர் அறையோ உண்மையிலேயே அங்கிருந்தால் எடுங்கள். கூழாங்கற்களின் நடுவே நாமே ஒரு சிவப்பு இலையைக் கொண்டுபோய் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: நெய்த துணியைப் படம் எடுத்தால், துணியில் இல்லாத அலைக்கோடுகள் தெரிகின்றனவே?

பதில்: அதற்கு மொய்ரே என்று பெயர். துணியின் இழைகளும் கேமரா சென்சாரின் நுண்கட்டங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது இது தோன்றும். சற்று முன்னோ பின்னோ நகருங்கள், அல்லது கேமராவைச் சிறிது சுழற்றிப் பாருங்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கியதும் கோடுகள் மறைந்துவிட்டால் அவை திரையில் மட்டும் தோன்றியவை, படத்தை அழித்துவிடாதீர்கள்.