இரண்டாம் உலகப் போரில் இருந்த தாத்தாவின் ஏர் மெடல் (விமானப் பறப்புப் பணிக்கான அமெரிக்கப் படை விருது) ரிப்பனில் ஒரு வெள்ளி ஓக் இலைச் சின்னம், ஒரு வெண்கல இலை என்றால் அந்த விருது அவருக்கு எத்தனை முறை கிடைத்தது?

ஏழு முறை. நீங்கள் ரெண்டு இலை, ஒரு ரிப்பன் என்று எண்ணி மூன்று என்று போட்டிருப்பீர்கள், எல்லாரும் வழுக்குகிற இடம்தான்: வெள்ளி இலை ஒன்று ஐந்து வெண்கல இலைக்குச் சமம், அப்புறம் ரிப்பனே முதல் முறைக்கு உரியது.

ஆனால் அது இலைதானா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தரைப்படையும் அன்றைய அதன் விமானப் பிரிவும் இலை குத்தின. கடற்படையில் தங்க நட்சத்திரம். ஐரோப்பியப் போர்முனையில் பணியாற்றியதற்கான ரிப்பனில் வெண்கல நட்சத்திரம் இருந்தால் கணக்கே வேறு, ஒவ்வொன்றும் அவர் பங்கெடுத்த ஒரு போர் நடவடிக்கை, அங்கே ரிப்பனைச் சேர்த்து எண்ணக்கூடாது.

ஒன்று, பழைய ரிப்பன்களில் பின்னால் யாராவது மாற்றிக் குத்தியிருக்கலாம். தாத்தாவின் பணிவிடுப்புப் படிவம் 53-55 கையில் இருந்தால் அதில் உள்ளதை நம்புங்கள்.