ஆகீம் யார்?

கேள்வி: இரவு குடும்ப ஜெபத்தில் மத்தேயு வாசிக்க ஆரம்பித்தோம். முதல் நாளே என் மகன், "அம்மா, இந்த ஆகீம் யாரு?" என்று கேட்டுவிட்டான். எனக்குத் தெரியவில்லை. தாவீது, சாலொமோன் சரி. ஊர் பேர் தெரியாதவர்களை எதற்கு வாசிக்க வேண்டும்? இயேசுவின் வம்ச வரலாறு வரும் அந்த முதல் 17 வசனங்களைத் தாண்டிப் போனால் தப்பா?

பதில்: சகோதரி, "யாருக்கும் தெரியாது" என்று மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சாதோக்கின் மகன், எலியூதின் அப்பா. அதற்கு மேல் வேதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

தாண்டிப் போவது பாவமில்லை. நானே பல வருஷம் தாண்டியிருக்கிறேன். ஆனால் சொரொபாபேல் வந்ததும் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கள். தாவீதின் வம்சத்தான். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களை நடத்தி வந்தவன், எருசலேம் ஆலயத்தை மறுபடி கட்ட முன்நின்றவன். கி.மு. 516 வாக்கில் அந்த வேலை முடிந்தது. "உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன்" என்று ஆகாய் தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் சொன்னது இவனிடம்தான். இனி தாவீதின் சிங்காசனம் திரும்பிவிடும் என்று ஜனங்கள் காத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. திரும்பவில்லை. பெர்சியர், கிரேக்கர், ரோமர் என்று எஜமான்கள்தான் மாறினார்கள். ராஜ வம்சமோ அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம் என்று வெறும் பெயர்களாகத் தேய்ந்து, கடைசியில் நாசரேத்தில் யோசேப்பு என்ற ஒரு தச்சன் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

சொரொபாபேலுக்கும் யோசேப்புக்கும் நடுவே மத்தேயு சொல்வது 9 பேர். ஐந்நூறு வருஷத்துக்கு இது போதாது. வேறு கிளை வழியாகப் போகும் லூக்கா, அதே இடைவெளிக்கு 18 பேரைச் சொல்கிறார். மத்தேயு பதினான்கு பதினான்கு தலைமுறையாக மூன்று பிரிவாகச் சுருக்கி எழுதுகிறவர். "பெற்றான்" என்பது அவரிடம் பேரன், கொள்ளுப்பேரனுக்கும் பொருந்தும். "யோராம் உசியாவைப் பெற்றான்" என்கிறாரே, நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களையே காணோம்! மகுடம் சூடியவர்களை விட்டுவிட்டு ஆகீமை எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சிலர் இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரசங்கம் எடுப்பார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. இவர்கள் விசுவாச வீரர்கள் என்றும் சொல்ல முடியாது. மத்தேயு அப்படி எழுதவில்லை. விக்கிரகங்களுக்குப் பலிபீடம் கட்டிய மனாசேயும் இதே பட்டியலில்தான் இருக்கிறான். இவர்கள் யோக்கியதையைப் பார்த்துச் சேர்த்த பட்டியல் இல்லை இது. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு யார் யார் வீட்டு வழியாக வந்தது என்று மட்டும் சொல்கிறது. தன் வீட்டு வழியாக அது வந்தது ஆகீமுக்கே தெரிந்திருக்காது.

இன்று இரவு 12 முதல் 16 வரையுள்ள வசனங்களை உங்கள் மகனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கினால் பரவாயில்லை. அப்புறம், 3-ம் வசனத்தில் வரும் பெயரைப் பார்த்து அவன் அடுத்து "தாமார் யாரு?" என்று கேட்கக்கூடும். ஆதியாகமம் 38-ஐ முதலில் நீங்கள் தனியாக வாசித்துவிடுங்கள். அது தூங்கப் போகும் முன் சொல்கிற கதை இல்லை.