எவர்ட்டனின் எண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எவர்ட்டனின் பழைய முன்கள ஆட்டக்காரர் டிக்ஸி டீன் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்துக் கிளப்பின் சாதனைகளைத் தமிழில் ஒரே அட்டவணையாகத் தொகுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த வேலையைத் தொடங்கி இப்போது மூன்று இடங்களில் சிக்கி நிற்கிறேன்.

முதலாவது, டீன் எவர்ட்டனுக்காக அடித்த கோல்கள் மொத்தம் எத்தனை? ஓரிடத்தில் 349 என்றிருக்கிறது, இன்னோரிடத்தில் 377 என்றிருக்கிறது, நீங்களோ 383 என்று எழுதியிருக்கிறீர்கள். எது சரி? இரண்டாவது, 1927–28இல் அவர் அடித்த 60 கோல்களைப் பற்றிச் சொன்னால் என் நண்பர் ஏற்க மறுக்கிறார். ஆஃப்சைடு விதியைத் தளர்த்திய காலத்தில் யாரும் அடித்திருக்கலாம், 1992இல் முதல் நிலை லீகாகத் தொடங்கிய பிரீமியர் லீகில் நடந்ததை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறார். அவர் சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை, மறுக்கவும் வழி தெரியவில்லை. மூன்றாவது, 2023–24 பருவத்தில் கிளப்பிடமிருந்து புள்ளிகள் பறிக்கப்பட்டன. அந்த வரிசையில் 48 என்று எழுதுவதா, 40 என்று எழுதுவதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நீங்கள் குறிப்பிட்ட மூன்று எண்களுமே சரியானவை. லீக் ஆட்டங்களில் மட்டும் டீன் அடித்தவை 349 கோல்கள். அவற்றோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களில் அடித்த 28 கோல்களைக் கூட்டினால் 377 வருகிறது. லீக் வெற்றியாளரும் கோப்பை வெற்றியாளரும் மோதிய சாரிட்டி ஷீல்டு ஆட்டங்கள் இரண்டில் அவர் அடித்த 6 கோல்களையும் சேர்த்தால் 383 ஆகிறது. அந்த ஆறில் இரண்டு 1928இல் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு எதிராகவும், நான்கு 1932இல் நியூகாசிலுக்கு எதிராகவும் அடிக்கப்பட்டவை. ஆட்டங்களின் எண்ணிக்கையும் இதே வழியில் பொருந்தி வரும்: லீகில் 399, கோப்பையில் 32, ஷீல்டில் 2, ஆக மொத்தம் 433. இப்படி இரண்டு பக்கமும் கூட்டல் சரியாக வந்து நிற்கும்போதுதான் ஓர் எண்ணை நம்பி அட்டவணையில் ஏற்ற முடியும். என் கட்டுரையில் 383 என்று மட்டும் எழுதி, எவையெல்லாம் அதில் அடங்கும் என்று சொல்லாமல் விட்டது பிழை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு அந்த இடத்தைத் திருத்திவிட்டேன்.

கோல்கீப்பர் நெவில் சவுத்தாலின் வரிசையிலும் இதே சிக்கல் உங்களுக்கு வரும். கிளப்புக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர் அவர்தான். 1981 முதல் 1998 வரை மொத்தம் 751 ஆட்டங்கள், அவற்றில் லீக் ஆட்டங்கள் 578. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வைத்துவிடுங்கள்.

உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நமக்கு நல்லது. 1925க்கு முன்பு, முன்னே நிற்கும் ஆட்டக்காரருக்குப் பந்து அனுப்பப்படும் நேரத்தில் அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது ஆஃப்சைடு விதி. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் போன்ற தடுப்பாட்டக்காரர்கள் இரண்டடி முன்னே நகர்ந்தே எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைத்து ஆட்டத்தை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள், பார்வையாளர்கள் சலித்துப் போனார்கள். 1925 கோடையில் மூன்று பேர் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். அதன் விளைவு உடனே தெரிந்தது. 1924–25இல் அன்றைய முதல் நிலை லீகான முதல் டிவிஷனில் மொத்தம் 1192 கோல்கள் விழுந்திருந்தன, அடுத்த பருவத்தில் அதே 462 ஆட்டங்களில் 1703 கோல்கள் விழுந்தன. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி ஒரு கோலுக்கும் மேல் கூடிவிட்டது. டீனின் 60 கோல்கள் இந்தப் பெருக்கின் நடுவே அடிக்கப்பட்டவை என்பதை உங்கள் அட்டவணையின் அடிக்குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும்.

ஆனால் விதி டீனுக்காக மட்டும் மாற்றப்படவில்லை. இங்கிலாந்தில் ஆடிய ஒவ்வொரு முன்கள ஆட்டக்காரருக்கும் அதே கதவுதான் திறந்தது. மாற்றம் வந்த முதல் பருவத்தில், தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறிய அந்த 1925–26இல், பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் 43 கோல்கள் அடித்தார், முதல் டிவிஷனில் அதுவே அப்போதைய உச்சம். 1930–31இல் ஆஸ்டன் வில்லாவின் போங்கோ வாரிங் 49 அடித்தார். முதல் நிலை லீகின் வரலாற்றில் டீனுக்கு மிக நெருங்கி வந்தவர் அவர்தான், அவரும் பதினொரு கோல்கள் பின்னே நிற்கிறார். மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 1926–27இல் 59 அடித்திருக்கிறார், ஆனால் அது இரண்டாம் டிவிஷன். யாரும் அடித்திருக்கலாம் என்பது உண்மையானால், அந்தக் கதவு திறந்தே கிடந்த அத்தனை ஆண்டுகளில் முதல் டிவிஷனில் இன்னொருவராவது 50ஐத் தொட்டிருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பருவம் முடிந்த விதத்தையும் நண்பருக்குச் சொல்லுங்கள். கடைசி இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தபோது டீனின் கணக்கில் 53 கோல்கள் இருந்தன. கேம்செல்லைத் தாண்ட இன்னும் ஏழு வேண்டும். பர்ன்லியின் மைதானத்தில் எவர்ட்டன் 5–3 என்று வென்ற ஆட்டத்தில் நான்கை அடித்தார். மீதி மூன்றுக்கு இருந்தது ஒரே ஓர் ஆட்டம்: 1928 மே 5, எவர்ட்டனின் சொந்த மைதானமான குடிசன் பார்க், எதிரே ஆர்சனல். பட்டம் எவர்ட்டனுக்கு ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால், கூட்டம் காத்திருந்தது அந்த மூன்று கோல்களுக்காக மட்டுமே. ஆர்சனல் முதலில் கோல் அடித்தது, டீன் சில நிமிடங்களிலேயே ஒன்றை அடித்துச் சமன் செய்தார், பிறகு பெனால்டியில் ஒன்று. அதன் பிறகு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, மூன்றாவது கோல் வரவில்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருக்கையில் கிடைத்த கார்னரைச் சக ஆட்டக்காரர் அலெக் ட்ரூப் உயர்த்தி அடிக்க, கூட்டத்துக்கு மேலே எழும்பிய டீன் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். அது அறுபதாவது. கடைசி நேரத்தில் ஆர்சனல் சமன் செய்து ஆட்டம் 3–3 என்று முடிந்ததை அன்று யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். எவர்ட்டன் அந்தப் பருவத்தில் லீகில் அடித்த 102 கோல்களில் 60 ஒருவருடையவை, அதுவும் 42 ஆட்டங்களில் 39இல் மட்டும் ஆடியவருடையவை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1926 கோடையில், மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடும் தாடையும் முறிந்து, இனி ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் அஞ்சிய மனிதர் அவர். அந்தத் தலையால்தான் அறுபதாவது கோலை அடித்தார் என்பதை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1992இலிருந்து கணக்கைத் தொடங்குவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் பழமை மீதுள்ள பற்று அல்ல. 1992இல் முக்கியமாக மாறியவை லீகின் நிர்வாகமும் தொலைக்காட்சி உரிமையும்தான். ஆட்ட நேரமோ மைதானத்தின் அளவோ அன்று மாறவில்லை, வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தவிர முதல் நிலையில் இருந்த கிளப்புகளும் அவையேதான். அந்தக் கோட்டைப் போட்டால் எவர்ட்டனின் ஒன்பது லீக் பட்டங்களும் (1890–91இல் தொடங்கி 1986–87 வரை) ஒரே அடியில் மறைந்துபோகும், ஐந்து எஃப்.ஏ. கோப்பைகளில் 1995இல் வென்ற ஒன்றுதான் மிஞ்சும். கிளப்பின் மிகப் பெரிய கோல் வேட்டைக்காரர் 68 கோல்கள் அடித்த ரொமேலு லுக்காக்கு என்றாகிவிடும். அவருக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த டங்கன் ஃபெர்குசன் எவர்ட்டனுக்காகப் பிரீமியர் லீகில் அடித்தவை, இரண்டு முறை வந்து ஆடிய காலம் முழுவதையும் சேர்த்து, சரியாக 60. டீன் ஒரே பருவத்தில் அடித்த எண்ணிக்கை அது. லுக்காக்குவையும் ஃபெர்குசனையும் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல, அவர்களுடைய எண்கள் அவர்களுடைய காலத்தின் தடுப்பாட்டத்தை எதிர்த்துப் பெற்றவை. இரண்டு காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் ஒவ்வொன்றின் அளவும் தெரியும் என்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்கள் அட்டவணையில் இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். கிளப் ஒரு பருவத்தில் பெற்ற மிக அதிகப் புள்ளிகள் எத்தனை என்று தேடினால் 1984–85இன் 90 புள்ளிகள் கிடைக்கும். 28 வெற்றி, 6 சமநிலை, 8 தோல்வி. ஆனால் வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற முறை இங்கிலாந்தில் 1981இல்தான் வந்தது, அதற்கு முன்பு இரண்டுதான். 1969–70இல் எவர்ட்டன் 29 வெற்றி, 8 சமநிலை, 5 தோல்வி என்று முடித்துப் பெற்றவை 66 புள்ளிகள். அதையே மூன்று புள்ளிக் கணக்கில் போட்டுப் பாருங்கள், 95 வரும். 1984–85ஐப் பழைய கணக்கில் போட்டால் 62தான். எந்த முறையில் பார்த்தாலும், அதே 42 ஆட்டங்களில், 1969–70 அணியே முன்னே நிற்கிறது. அட்டவணையில் 90ஐ மட்டும் போட்டால் ஆலன் பால், ஹோவர்ட் கெண்டல், காலின் ஹார்வி மூவரும் நடுக்களத்தில் ஆடிய அந்த அணியை நாமே பின்வரிசைக்குத் தள்ளியவர்களாவோம். கோல் எண்ணிக்கையிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரு பருவத்தில் மிக அதிகமாக அடித்த 121 கோல்கள் 1930–31இல், இரண்டாம் டிவிஷனில் வந்தவை. முதல் டிவிஷனின் உச்சம் அடுத்த ஆண்டின் 116.

பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 செப்டம்பர் 18 அன்று குடிசன் பார்க்கில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்தார்கள், பெரும்பாலானோர் நின்றுகொண்டு பார்த்தார்கள். ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் உயிரிழந்த 1989இன் துயரத்துக்குப் பிறகு பெரிய கிளப்புகளின் மைதானங்களில் அனைவருக்கும் இருக்கை என்றானது. 2025இல் கிளப் குடியேறிய புதிய மைதானத்தில் 52,769 பேர்தான் அமர முடியும். எனவே அந்த வரிசையில் ‘இனி முறியாது’ என்று குறிப்பெழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சாதனை எந்தத் தனி ஆட்டக்காரருடையதும் அல்ல. 1888இல் லீகைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் ஒன்றான எவர்ட்டன், அன்றிலிருந்து நான்கே நான்கு பருவங்கள் தவிர எல்லாவற்றையும் முதல் நிலையில் ஆடியிருக்கிறது: 1930–31, பிறகு 1951 முதல் 1954 வரையிலான மூன்று. இங்கிலாந்தில் வேறெந்தக் கிளப்பும் இத்தனை பருவங்கள் அங்கே ஆடியதில்லை. டீன் 60 கோல்கள் அடித்துப் பட்டம் வாங்கித் தந்து இரண்டே ஆண்டுகளில், அவர் அணியில் இருக்கும்போதே, கிளப் முதன்முறையாக இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே இறங்கியது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1954க்குப் பிறகு இறங்கவில்லை என்றாலும் விளிம்பு வரை பலமுறை போய்வந்திருக்கிறது. 1994 மே 7 அன்று, ஒரு பக்கத்துப் பார்வையாளர் மேடை இடிக்கப்பட்டு மூன்று பக்கம் மட்டுமே நின்ற குடிசனில், விம்பிள்டனிடம் முதல் இருபது நிமிடங்களிலேயே 0–2 என்று பின்தங்கினார்கள். கிரஹாம் ஸ்டூவர்ட் பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார், பாரி ஹார்ன் தொலைவிலிருந்து அடித்துச் சமன் செய்தார், ஒன்பது நிமிடங்கள் மீதமிருக்கையில் ஸ்டூவர்ட் மீண்டும் அடித்து 3–2 ஆக்கினார். 1998இல் போல்ட்டனும் எவர்ட்டனும் ஒரே 40 புள்ளிகளோடு முடிக்க, கோல் வித்தியாசம் மட்டுமே காப்பாற்றியது. 2023இன் கடைசி நாளில் அப்துலாயே தூக்கூரே போர்ன்மவுத்துக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோல் காப்பாற்றியது. இந்த ஆட்டங்களுக்குக் கோப்பை கிடையாது, சாதனைப் பட்டியல்களிலும் பெரும்பாலும் இடம் கிடையாது. உங்கள் அட்டவணையில் அவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அவற்றில் ஏதாவது ஒன்று தவறியிருந்தாலும் 1954 முதல் அறுபடாமல் வரும் அந்தக் கோடு நின்றுபோயிருக்கும்.

கடைசியாக 2023–24. நிதி விதிகளை மீறியதற்காக 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன, மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது, 2024 ஏப்ரலில் இன்னொரு வழக்கில் மேலும் 2 போயின. ஆட்டக்காரர்கள் களத்தில் ஈட்டியவை 13 வெற்றி, 9 சமநிலை, ஆக 48 புள்ளிகள். லீகின் பதிவில் நிற்பவை 40, இடம் 15. புள்ளிகளுக்கான கட்டத்தில் 40 என்றே எழுதுங்கள், அதுதான் பதிவு, நமக்கு வருத்தமாக இருக்கிறது என்பதற்காக அதை மாற்ற முடியாது. வெற்றிக்கும் சமநிலைக்கும் உரிய கட்டங்களில் 13, 9 என்று எழுதி, பக்கத்தில் ‘8 புள்ளிகள் பறிப்பு’ என்று சேர்த்துவிடுங்கள். அட்டவணை முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், கூட்டல்களை ஒருமுறை நானும் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.