ஏப்ட், ஸ்னாப், ஃபிளாட்பேக்: உபுண்டுவில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே மென்பொருளை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஏப்ட், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற மூன்று நிறுவல் கருவிகளாலும் நிறுவ முடிகிறதே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே கணினியும் தடையில்லாத இணையமும் இருக்கும் என்று எண்ணுகிறேன். அப்படியானால் எதை எடுத்தாலும் பெரிய இழப்பில்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் என் விடை ஏப்ட்.

மலையில் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போகும். எங்கள் அறையில் எல்லாமே டெபியன்; உபுண்டுவுக்கு அடிப்படையான, ஏப்டையே பயன்படுத்தும் லினக்ஸ் அது. பழைய கணினி ஒன்றில் ஒருமுறை இறங்கிய பொதிகளை, அதாவது மென்பொருள் கோப்புகளின் தொகுப்புகளை, சேமித்துவைக்கும் ஏப்ட்-கேச்சர்-என்ஜியை நிறுவி, மற்ற கணினிகள் 3142ஆம் போர்ட் வழியாக அதனிடமே பொதிகளைக் கேட்கும்படி அமைத்தேன். முதல் கணினியில் லிப்ரே ஆபீஸ் கிலோபைட் கணக்கில் ஊர்ந்து இறங்கியது. அடுத்ததில் அதே கட்டளையைக் கொடுத்ததும் பதிவிறக்கம் கண்ணில் படுவதற்குள் முடிந்து, பொதிகளைப் பிரிக்கும் வரிகள் ஓடத் தொடங்கின. இணையம் அடியோடு இல்லாதபோது ஏப்ட்-ஆஃப்லைன் இருக்கிறது: வேண்டிய பொதிகளின் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு விண்டோஸ் கணினியில் பதிவிறக்கி வந்து நிறுவுகிறேன். அந்தக் கணினியில் பைத்தான் இருந்தால் போதும்.

ஸ்னாப்பின் மீது எனக்குப் பகை கிடையாது. அது இயல்பாகவே நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடுகிறது. அதை நிறுத்திவைக்க இப்போது வசதி உண்டு என்று சிலர் மறுப்பார்கள், உண்மைதான். ஆனால் டெபியனின் பொதிகள் இருக்கும் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஸ்னாப் கடையோ உபுண்டுவை உருவாக்கும் கேனானிகல் நிறுவனத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை ஏப்ட் கட்டளையால் கேட்டாலும் ஸ்னாப்தான் வந்து இறங்குகிறது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கேட்பவர் ஒன்றைக் கேட்க, கருவி வேறொன்றைத் தரலாகாது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 2020இல் தன் 20ஆம் பதிப்பிலேயே ஏப்ட் வழியாக ஸ்னாப் இப்படி நுழைவதைத் தடுத்துவிட்டது.

இவற்றை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் மென்பொருள் எத்தனை நொடியில் திறக்கிறது என்றே அளக்கிறார்கள். ஃபிளாட்பேக்கில் முதல் செயலியோடு அது இயங்கத் தேவையான பொதுக் கோப்புகளான ரன்டைமும் நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவில் சேர்ந்து இறங்குவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் பள்ளிகளுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். இருந்தாலும் டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருவதால், முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் பிளெண்டர் போன்றவற்றின் புதிய பதிப்பு தேவைப்படும் மாணவருக்கு நானே ஃபிளாட்பேக்கைத்தான் நிறுவித் தருகிறேன்.

என் முறையைப் பின்பற்றுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக மட்டுமே பொதி தரும் வெளிக் களஞ்சியங்கள், தனியாக அமைத்தாலொழிய, ஏப்ட்-கேச்சர்-என்ஜியின் சேமிப்பில் தங்கமாட்டா.