மூணாறு மலைப் புல்வெளி: காடழிந்து வந்ததா, முன்பே இருந்ததா?

மூணாறு, மறையூர், வட்டவடை, போடி பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணைப் படித்து வரும் ஒருவர் தரும் பதில்கள்.

தேவிகுளம் ஆசிரியை: மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவின் புல்மேடுகள் எல்லாம் ஒரு காலத்தில் சோலைக்காடாக இருந்தன, மாடு மேய்த்தவர்களும் வெள்ளைக்காரர்களும் வெட்டி எரித்ததால் மொட்டையாயின என்று கேட்டே வளர்ந்தோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லித் தரலாமா?

வேண்டாம் டீச்சர். மலை மடிப்புகளில் சோலையும் மேட்டில் புல்லும் இருப்பதைப் பார்த்தால், மேட்டில் நின்ற மரங்களை யாரோ வெட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். மண் வேறு விதமாகச் சொல்கிறது. நமக்கு வடக்கே நீலகிரிச் சதுப்புகளில் மக்காமல் படிந்து கிடக்கும் கரிய பீட் மண்ணைச் சூழலியலாளர் இராமன் சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் ஆராய்ந்து, 1993-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோதே அங்கே புல் மேலோங்கியிருந்தது. பனியுகம் விலகிப் பருவமழை வலுத்தபோது மரங்கள் பெருகின. பிறகு மழை தளர்ந்தது, புல் மறுபடி பரவியது.

மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலையை ஆங்கிலேயரான ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்கு எடுத்தது 1877-ல். அதற்குப் பிறகு தேயிலைக்காகச் சோலைகள் வெட்டப்பட்டது உண்மை, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த மலைகளில் புல்வெளி தோன்றியதற்கே அதைக் காரணம் சொல்வது தவறு. புல்லும் சோலையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறி மாறி விரிந்து சுருங்கியவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

போடி கல்லூரி மாணவர்: மக்கிப்போன மண்ணை வைத்து மரம், புல் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

தம்பி, எல்லாம் கார்பனில் இருக்கிறது. காற்றில் உள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கொஞ்சம் கனமான வகை, அதற்குக் கார்பன்-13 என்று பெயர். சோலை மரம், தேயிலை, காபி, ஏலம், நெல் ஆகியவை இந்தக் கனமான கார்பனைப் பெரிதும் ஒதுக்கிவிடும். இவற்றைச் சி3 தாவரங்கள் என்பார்கள். வெயிலும் வறட்சியும் தாங்கும் புல்வகைகள் பெரும்பாலும் சி4. அவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஒரு பொது அளவுகோலைவிடக் கனமான கார்பன் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்பதை ஆய்வகக் கருவி சொல்லும். அதில் வைத்தால் சி3 ஏறத்தாழ மைனஸ் 27 என்றும், சி4 ஏறத்தாழ மைனஸ் 13 என்றும் காட்டும். செடி மக்கி மண்ணான பிறகும் இந்த வேறுபாடு அழிவதில்லை. ஒரு படுகையில் மைனஸ் 20 வந்தால், அங்கே சேர்ந்த கார்பனில் பாதி சி3, பாதி சி4 என்று கணக்குப் போடலாம்.

அந்தப் படுகை எந்தக் காலத்தது என்பதைக் கார்பன்-14 சொல்லும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகும், அதனால் ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம்.

ஒரு எச்சரிக்கையையும் குறித்துக்கொள். மண் மக்க மக்க, ஆழத்துக்குப் போகப் போக அளவு தானாகவே 1 முதல் 3 வரை புல் பக்கம் நகரும். மேலே மைனஸ் 27, கீழே மைனஸ் 25 என்று கண்டவுடன் ‘அடியில் புல்வெளி’ என்று கட்டுரை எழுதிவிடாதே. பத்து அளவு நகர்ந்திருந்தால் அது வேறு கதை.

மறையூர் கரும்பு விவசாயி: எங்கள் நிலத்தில் தலைமுறைகளாகக் கரும்பு. மேலே மலைச்சரிவில் தைலப்புல், பக்கத்தில் சந்தனக்காடு. இந்த மண்ணைச் சோதித்தால் என்ன காட்டும்?

நல்ல இடத்தில் கை வைத்துவிட்டீர்கள், ஐயா. கரும்பும் சி4, தைலப்புல்லும் சி4. சந்தனம் சி3. உங்கள் தோட்டத்து மேல்மண்ணை மட்டும் அனுப்பினால் பழைய புல்வெளி என்றே எண்ணத் தோன்றும், உண்மையில் அது உங்கள் குடும்பத்தின் உழைப்பு. கேழ்வரகு, மக்காச்சோளம் பயிரிட்ட நிலத்திலும் இதே சிக்கல் உண்டு. அதனால் உழவு எட்டாத ஆழத்திலிருந்தும் மண் எடுக்க வேண்டும், கூடவே பைட்டோலித்தையும் பார்க்க வேண்டும். பைட்டோலித் என்பது செடியின் செல்லுக்குள் படியும் சிலிக்கா மணி. செடி மக்கினாலும் அது மண்ணில் நிற்கும். புல்லின் மணிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில டம்பெல் போலவும் சில குதிரைச் சேணம் போலவும் இருக்கும், அதை வைத்துப் புல்லின் கூட்டத்தைப் பிரித்தறியலாம்.

அதே விவசாயியின் மகன்: இங்குள்ள முனியறைகளுக்கு, அதாவது பெருங்கற்காலக் கல்லறைகளுக்கு, அடியில் தோண்டிப் பார்க்கலாமா?

கூடாது. அவை தொன்மைச் சின்னங்கள். தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் ஒரு கைப்பிடி மண்கூட எடுக்க வேண்டாம்.

வட்டவடை விவசாயி: ஊரைச் சுற்றிக் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரம். ஊற்றுகள் வற்றிவிட்டன. மரத்தை வெட்டிய இடத்தில் ‘காடு வளர்ப்போம்’ என்று மறுபடி வேறு மரக்கன்று கொண்டுவருகிறார்கள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று மண் சொல்லுமா?

சொல்லும், அண்ணா. நடும் முன் ஒவ்வொரு மேட்டிலும் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கிராண்டிஸ் சி3. சில பத்தாண்டு இலைச்சருகு மேலே சில அங்குலத்தைத்தான் மாற்றியிருக்கும். கீழே இறங்க இறங்க அளவு மைனஸ் 15, 16 என்று போனால், அந்த மேடு நெடுங்காலம் புல்லாக இருந்திருக்கிறது. அங்கே எந்த மரத்தை நட்டாலும், நாட்டு மரமே ஆனாலும், அது காடு மீட்பு ஆகாது. வரையாட்டின் மேய்ச்சலையும் குறிஞ்சியின் இடத்தையும் பறிப்பதாகத்தான் முடியும். அடிமண்ணும் மைனஸ் 26 காட்டுகிற மடிப்புகளில் சோலை மரங்களை நடுங்கள், நானும் வந்து குழி வெட்டுகிறேன்.

உயரமான மேடுகளில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. குளிர் தாங்கும் சில புல்வகைகள் சி3. அங்கே மைனஸ் 26 என்றால் மரம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, பைட்டோலித்தும் சேர வேண்டும்.

சூரியநெல்லி வாசகி: மகரந்தத்தை வைத்தும் சொல்வார்களாமே?

ஆம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இந்த மலைகளில் அப்படி ஆராய்ந்திருக்கின்றன. மகரந்தம் நிலைக்கச் சதுப்பு வேண்டும், காய்ந்த மேட்டு மண்ணில் சிதைந்துவிடும். எந்தப் புல் என்றும் அது பிரித்துக் காட்டாது. ஆனால் மரங்களில் எந்த இனம் என்று சொல்லும், கார்பன் அதைச் சொல்லாது. இரண்டும் வேண்டும்.

போடி மாணவர், மறுபடியும்: பனியுகத்தில் புல் பரவியதற்கு மழைக்குறைவு மட்டும்தான் காரணமா?

இல்லை. அன்று காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் 280, இன்று 420-க்கும் மேல். இந்த வாயு குறைந்தால் சி3 மரங்கள் திணறும், சி4 புல் சமாளித்துவிடும். ஆகவே புல்லின் கார்பனை அப்படியே மழைமானியாக வாசிப்பது அவசரம். உறைபனியும் உண்டு. திறந்த மேட்டில் முளைக்கும் சோலைக் கன்றுகள் பனி இரவுகளில் கருகுவதை இன்றும் பார்க்கலாம். தீயும் உண்டு, அதற்கு மண்ணில் கிடக்கும் கரித்துகள் சாட்சி. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

தேவிகுளம் ஆசிரியை: எங்கள் பிள்ளைகள் மண் எடுத்துத் தரலாமா? எப்படி?

தாராளமாக, டீச்சர். தேசியப் பூங்காவுக்குள் வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி தேவை. ஊருக்குள் சாலைக்காக வெட்டிய மண்சுவர் போதும். மண்சரிவில் வந்து விழுந்த மண்ணும், தேயிலைக்காகப் படி வெட்டிய சரிவும் ஆகாது, அங்கே மேல் கீழ் கலந்திருக்கும். வெயில் பட்ட முகப்பை ஒரு சாண் உள்ளே செதுக்கித் தள்ளுங்கள். முழங்கால் ஆழம் வரை கருப்பும், அதன் கீழே செம்பழுப்பும் தெளிவாகத் தெரியும். கீழிருந்து மேலாக எடுங்கள், மேலிருந்து தொடங்கினால் புதுமண் உதிர்ந்து பழையதில் விழும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு பை. நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, முடி போன்ற வேர்களை இடுக்கியால் பொறுக்கி எறிய வேண்டும். ஒரு வேர் தங்கினாலும் அந்தப் பை இன்றைய புல்லைச் சொல்லும். இந்த வேலைக்குப் பிள்ளைகளின் கண்தான் சரி. பைக்குள் ஆழத்தைப் பென்சிலால் எழுதிப் போடச் சொல்லுங்கள், மை ஈரத்தில் கரைந்துவிடும்.