கொரோனா காலத்து காலேஜ் கணக்கு (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

சுயநிதி காலேஜ் வாத்தியார்மார் சம்பளத்த பத்தி போன வாரம் நீங்க எழுதினத வாசிச்சேன். கொரோனா நேரத்துல சம்பளத்துல கை வச்ச நிர்வாகங்கள ரொம்ப காட்டமா எழுதியிருந்தீங்க. நான் கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம் ஒரு சின்ன ஆர்ட்ஸ் காலேஜ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், அப்பவும் நான்தான் பாத்தேன். ஃபீஸ் வரவே இல்ல சார். பஸ் லோன், பிஎஃப், யூனிவர்சிட்டிக்கு கட்டுறது எல்லாம் அப்படியே நின்னுச்சு. பாதி சம்பளம்தான் போட முடிஞ்சது, அதுவும் லேட்டா. வேற என்ன செஞ்சிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. அந்த மீதி பாதிய இன்னைக்கு வரைக்கும் கொடுக்கல, அது எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்க கேட்டது நியாயமான கேள்விதான். கையில பைசா இல்லாதவங்ககிட்ட முழு சம்பளம் போடுன்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா மீதி பாதிய இன்னும் கொடுக்கலன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, என் கோவம் முழுக்க அங்கதான் இருக்கு. பாதி போட்டது அன்னைக்கு இருந்த நெருக்கடி, சரி. மீதி கடனா நிக்குதா, இல்ல போனது போனதுதானான்னு ஒரு பேப்பர்ல கூட எழுதி கொடுக்காம விட்டதுக்கு எந்த நெருக்கடியும் காரணம் இல்ல.

நான் அப்ப எங்க பக்கத்துல ஒரு சின்ன சுயநிதி காலேஜ் கமிட்டியில இருந்தேன், அதனால வரவு பக்கம் எனக்கும் நல்ல ஓர்மை இருக்கு. உதவி பெறும் காலேஜ்ல ரெகுலர் வாத்தியார்மாருக்கு அரசாங்கம் சம்பளம் போட்டுச்சு, நம்மள மாதிரி எடத்துல பிள்ளைகள் கட்டுற ஃபீஸ விட்டா வேற வரவே கிடையாது. 2020 மார்ச் 17ல மூடினோம். ஏப்ரல் 20ல ஃபீஸ் கேட்டு நெருக்கக்கூடாதுன்னு அரசு உத்தரவு வந்துச்சு. ஜூலை 17ல சென்னை ஹைகோர்ட், முந்தின வருஷ டியூஷன் ஃபீஸ்ல 40 சதவீதத்த ஆகஸ்ட் 31க்குள்ள வாங்கிக்கலாம், காலேஜ் திறந்த பிறகு ரெண்டு மாசத்துக்குள்ள இன்னொரு 35 சதவீதம் வாங்கிக்கலாம்னு சொல்லிச்சு. எங்க கமிட்டியில உடனே 75 சதவீதம்னு எழுதி பட்ஜெட் போடப் போனாங்க. எங்க காலேஜ் ஆபீஸ் அக்கவுண்டன்ட் ஒரு அம்மா, அதிகம் பேசாதவங்க, அவங்கதான் தடுத்தாங்க, சார் 35 எப்ப வரும்னு தெரியாது, திறந்தாத்தான வரும்னு. அதுதான் நடந்துச்சு. ஃபைனல் இயருக்கு டிசம்பர் 7, மத்த பிள்ளைகளுக்கு 2021 பிப்ரவரி 8, அந்த ரெண்டு மாச கெடு முடியறதுக்குள்ளயே மறுபடி ஆன்லைன், அப்புறம் ரெண்டாவது அலை. அந்த அம்மா சொன்னத கேட்டு 40த்த மட்டும் வரவா வச்சு செலவ எழுதினதுனாலதான் நாங்க தப்பிச்சோம்.

செலவு பக்கம் நீங்க சொன்ன பஸ் லோன் பெரிய தலவலிதான். ரிசர்வ் பேங்க் மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணைய தள்ளிப்போட விட்டுச்சு, ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஓடாத பஸ்ஸுன்னு செலவ நிறுத்த முடியாது, இன்சூரன்ஸ் உண்டு, பேட்டரி இறங்கும், எலி வயர கடிக்கும். டிரைவர்மார் முறை வச்சு வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஷெட்டுக்குள்ளயே முன்ன பின்ன எடுத்து விட்டாங்க. அந்த வேலைக்காகவே அவங்க சம்பளத்த தொடக்கூடாதுன்னு நான் நின்னேன். கடைசியில கூட்டி பெருக்குற அம்மாவுக்கும் டிரைவர்மாருக்கும் முழுசு, வாத்தியார்மாருக்கு முக்கால், பிரின்சிபாலுக்கு பாதி, கட்டிட வேலைக்கு ஒரு பைசா கிடையாதுன்னு முடிவாச்சு. பெயிண்ட் அடிக்காத சுவர பாத்து எந்த பிள்ளையும் டிசி வாங்கிட்டு போகல.

பிஎஃப் பத்தி ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. நூறு பேருக்கு மேல போகாத நிறுவனம், அதுல 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்கு கீழ வாங்குறவங்கன்னா, தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் சேர்த்து 24 சதவீதத்த 2020 மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மத்திய அரசே கட்டுச்சு. உங்க காலேஜ் அத வாங்குச்சா? எம்ஃபில் முடிச்ச பிள்ளைகளே 15,000க்கு கீழ வாங்கி வேலை பாக்குற நம்ம மாவட்டத்து காலேஜ் பலது இந்த கணக்குக்குள்ள வந்துச்சுங்கறது எனக்கு இன்னைக்கும் நெஞ்சுல உறுத்துது. அதுலயும் ஆள பிஎஃப்லயே சேக்காம கைச்சீட்டுல சம்பளம் கொடுத்த எடங்கள்ல இந்த உதவியும் அந்த பிள்ளைகளுக்கு போய் சேரல.

ஃபீஸ் வரவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. வராம இருந்ததுக்கு பைசா இல்லாதது மட்டும் காரணம் இல்ல, நாம கேட்ட மாசமும் தப்புன்னு எனக்கு தோணுது. அந்த அம்மா ஒரு நீள நோட்டு போட்டாங்க. ஒவ்வொரு பிள்ளை பேருக்கும் நேரா அப்பாவுக்கு என்ன வேலைன்னு பென்சில்ல எழுதியிருப்பாங்க. பால்வெட்டு (ரப்பர் மரத்துல). வள்ளம் (மீன்பிடி). அண்டி ஆபீஸ் (முந்திரி ஃபேக்டரி, அது அம்மாவோட வேலை). கொத்தனார். கல்ஃப்னு எழுதி அத அடிச்சு 'வந்தாச்சு'ன்னு பக்கத்துல. அத வச்சு ஆளுக்கு ஒரு தேதி கொடுத்தாங்க. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து விசைப்படகுக்காரங்ககிட்ட ஜூலைல கேட்டு என்ன பிரயோஜனம், தடைக்காலம் முடிஞ்சு ஆகஸ்ட்லதான கடலுக்கு போவாங்க. பால்வெட்டுறவங்களுக்கு மழை விட்ட பிறகுதான் கையில காசு, அதுலயும் லாக்டவுன்ல கடை மூடி ரப்பர் ஷீட் எல்லாம் புகைப்புரையிலயே கெடந்துச்சு, அவங்களுக்கு அக்டோபர்னு போட்டாங்க. கொத்தனார் வேலைக்கு போறவங்க ஐநூறு ஐநூறா கொடுத்தா கூட வாங்கி ரசீது போட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் ஃபைன் கேக்கல, ஃபீஸ் கட்டலன்னு ஒரு பிள்ளையையும் வாட்ஸாப் குரூப்ல இருந்து தூக்கல. வசூல் முழுசா வரல, ஆனா வரும்னு சொன்ன மாசத்துல ஏறக்குறைய வந்துச்சு, சம்பளத் தேதிய முன்கூட்டியே சொல்ல அது போதுமா இருந்துச்சு.

கிளாஸ் நடந்த விதம் உங்களுக்கும் தெரியும். பேச்சிப்பாறை, ஆறுகாணி பக்கத்து பிள்ளைகளுக்கு டவர் கிடையாது, மீட்டிங்ல உக்காருன்னா எப்படி உக்காரும். நம்ம வாத்தியார்மார் பாடத்த பத்து பத்து நிமிஷ ஆடியோவா பேசி ராத்திரி அனுப்புவாங்க, பிள்ளை எப்ப மேட்டுக்கு ஏறி டவர் கிடைக்குதோ அப்ப இறக்கிக்கிடும். அரசு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது 2021 ஜனவரியிலதான். அதுக்கு முன்ன அந்த ஆடியோவ ஏத்தினதும் சொந்த போன்ல, சொந்த ரீசார்ஜ்ல, முக்கால் சம்பளத்துல. கேரளா பக்கத்துல இருந்து வர்ற ரெண்டு வாத்தியார்மார் எல்லையில களியக்காவிளை செக்போஸ்ட்ல பாஸ் இல்லாம நின்ன கதை தனி.

அவங்க யாரும் சண்டை போடலயான்னு நீங்க கேக்கலாம். முதல் மாசம் போட்டாங்க, நல்லாவே போட்டாங்க. அப்புறம் பிரின்சிபால் ஒவ்வொரு மாசமும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, சம்பள பாக்கி ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரே பக்கத்துல எழுதி ஸ்டாஃப் குரூப்ல போட ஆரம்பிச்சார். கமிட்டியில சிலருக்கு அது பிடிக்கல, வீட்டு கணக்க ஊருக்கு காட்டுறதான்னு கேட்டாங்க. எனக்கு அதுல சந்தேகமே கிடையாது, முக்கால் சம்பளத்துக்கு நிக்கிற மனுஷனுக்கு அந்த கணக்க பாக்க முழு உரிமை உண்டு. 2021 செப்டம்பர்ல திறந்த பிறகு அட்மிஷன் பைசா வர வர அந்த பாக்கிய தவணையா கொடுத்து தீத்தாங்க. நடுவுல வேலைய விட்டு போன ஒரு தமிழ் மிஸ்ஸுக்கும் கூப்பிட்டு கொடுத்தாங்க.

உங்க காலேஜ்ல இப்பவும் இது முடியும். ஆக்விட்டன்ஸ் ரெஜிஸ்டர் (சம்பளம் வாங்கி கையெழுத்து போடுற நோட்டு) உங்க ஆபீஸ்லதான இருக்கும், 2020 ஏப்ரல்ல இருந்து ஆள் வாரியா எவ்வளவு பிடிச்சாங்கன்னு ஒரு லிஸ்ட் எடுங்க, விட்டுட்டு போனவங்க பேரும் சேர்த்து. அத பிரின்சிபால் வழியா அடுத்த கமிட்டிக்கு எழுத்துல வைங்க. ஒரே தடவையா கொடுக்க முடியாதுன்னு சொன்னா ஒவ்வொரு செமஸ்டர் ஃபீஸ்லயும் ஒரு பங்க அதுக்குன்னு தனி அக்கவுண்ட்ல போட சொல்லுங்க, பாக்கி தீந்த பிறகும் அந்த அக்கவுண்ட மூட விடாதீங்க, மூணு மாச சம்பளம் சேர்ற வரைக்கும் போட்டுட்டே வரட்டும். லிஸ்ட் போட எதாவது உதவி வேணும்னா மெயில் பண்ணுங்க, நான் கூட உக்காந்து பாக்குறேன்.